காவு இருந்த மூலை

போன ஆவணி ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போயிருந்தேன். கையில் ஒரு பாக்கெட் பால், ஒரு பொட்டலம் மஞ்சள்பொடி. மரத்து மூட்டில் வரிசையாக இருக்கும் நாகர் கல்லுகளில் ஆளாளுக்குப் பால் ஊற்ற, அது மஞ்சளோடு கலந்து வழிந்து எங்கள் கால்விரல்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன.

ஊருக்கே பெயர் கொடுத்த சாமி இருப்பது ஓலைக் கூரைக்குக் கீழே. வருஷாவருஷம் அதை மாற்றி வேய்கிறார்கள். கருவறைத் தரையில் கல் பாவவில்லை. எப்போதும் ஈரம் ஊறும் மண். அந்த மண்தான் பிரசாதம். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பாள் அம்மா. தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களான பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்று சமணர்களின் பெயர்கள் வருகின்றன. பார்சுவநாதர் தலைக்கு மேலும் பாம்புதான் படம் விரித்திருக்கும். கும்பிடுகிறவர்கள் மாறியும் பாம்பு இடத்தை விடவில்லை.

அந்த ஓலையையும் மண்ணையும் பார்த்தால் எனக்கு எங்கள் வீட்டுக் காவு, பாம்புகளுக்கென்று வெட்டாமல் விட்டுவைத்த சின்னக் காடு, ஞாபகம் வந்துவிடும்.

முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த பகுதி இது. அதனால் மலையாளக் கரையில் இருப்பது போலவே இங்கேயும் பழைய வீடுகளில் சர்ப்பக்காவு உண்டு. எங்களுடையது விளையின், அதாவது வீட்டுத் தோட்டத்தின், கன்னிமூலையில் பத்து சென்ட். ஏழிலைப்பாலை, இலஞ்சி, காஞ்சிரம், மேலே பின்னிக் கிடக்கும் கொடிகள். உள்ளே வெட்டுக்கத்தி போகக் கூடாது. விழுந்த சுள்ளியைக்கூடப் பாட்டி அடுப்புக்கு எடுக்க மாட்டாள். அந்தியில் வாசலில் நின்று விளக்கு வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஆயில்யத்துக்கு மட்டும் பூசாரி வந்து நூறும் பாலும் கொடுப்பார். இந்த நூறு எண்ணிக்கை இல்லை, மாவு. அரிசிமாவு, மஞ்சள்பொடி, பால், இளநீர் எல்லாம் சேர்த்து வாழையிலையில் வைப்பார்கள். கமுகம்பூக்குலையும் பக்கத்தில் இருக்கும். பச்சை மஞ்சளும் ஈரச் சருகும் கலந்த அந்த வாசனையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை.

பாகம் பிரித்தபோது அந்த மூலை ஒரு மாமாவின் பங்குக்குப் போனது. காவு மாற்றுவதற்கு முறை உண்டு. பூஜை செய்து, கல்லை எடுத்துக் கோயிலில் சேர்த்துவிடலாம். கேரளத்தில் ஹரிப்பாடு மண்ணாறசாலைக் காவில் ஆயிரக்கணக்கில் இருக்கும் நாகச் சிலைகளில் அப்படி வந்தவையும் உண்டு. எங்கள் கல்லுகளும் ஒரு கோயிலுக்குப் போயின. சாமி குற்றம் வராது என்றார்கள். சரி, வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டே நாளில் மரம் அத்தனையும் போய்விட்டது. அதற்குள் இருந்த கீரியும் ஆந்தையும் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. சித்திரையிலும் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர் கிடந்த எங்கள் கிணறு, மூன்று வருஷத்தில் அடிமண் தெரிய வற்றியது. கல்லை மாற்ற மந்திரம் இருக்கிறது, காட்டை மாற்ற எந்தப் பூசாரியிடமும் மந்திரம் இல்லை. காவில் கல்லைவிட மரம்தான் சாமி என்று நான் நம்புகிறேன். இதை மாமாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

கோயிலிலிருந்து வந்ததும் அம்மா பிரசாத மண்ணைப் பூஜையறையில் வைக்கவில்லை. நேராகக் கன்னிமூலைக்குப் போனாள். அங்கே இப்போது மாமாவின் கார் ஷெட். சிமெண்டுத் தரை முடிந்து மதில் தொடங்குகிற இடத்தில் ஒரு சாண் மண் மிச்சம். அங்கே குனிந்து, மண்ணைத் தூவி, கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தாள். மாமி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அந்த இடத்தில் யாரோ ஒரு விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அம்மா ஏற்றவில்லை, நானும் ஏற்றவில்லை.