அலைவரிசையில் வளர்ந்த பாட்டு: ஈழத்துப் பொப்பிசை பற்றிய நாட்குறிப்பு

2024 ஜனவரி 22, திங்கள்

பொப்பிசை (பாப் இசை) பாடகர் ஏ. ஈ. மனோகரன் 2018ஆம் ஆண்டு இதே நாளில் சென்னையில் காலமானார். தமிழகத்தார் அவரைச் ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் திரைப்பட நடிகராகவே கூடுதலாக அறிந்திருக்கிறார்கள். 1970களில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பராயத்தைக் கழித்த எங்களுக்கோ, அவர் முதலில் வானொலிக்குள் இருந்து வந்த குரல். சிங்களமும் தமிழும் கலந்த ‘சுராங்கனி’ எங்கள் ஊருக்கு எந்தப் படத்தின் வழியாகவும் வரவில்லை. வானொலியும் இசைத்தட்டும் கோயில் திருவிழா இரவுகளின் இசைக்கோஷ்டிகளுமே அதைக் கொண்டுவந்து சேர்த்தன.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் பாட்டென்றால் திரைப்பாட்டு என்றே வழக்கமாகிவிட்ட காலத்தில், கதாநாயகனும் கதைச் சூழலும் இல்லாமல், மாமி மகளைப் பற்றியும் கள்ளுக்கடையைப் பற்றியும் எங்கள் பேச்சுமொழியிலேயே பாட முடியும் என்று காட்டியவர்கள் இந்தப் பாடகர்கள். அவர்களுடைய பாட்டுக்கு அன்று இருந்த மிகப் பெரிய மேடை இலங்கை வானொலி. நினைவில் இருப்பவற்றை இனி இங்கே நாள்வாரியாக எழுதி வைக்கப் போகிறேன்.

2024 ஜனவரி 28, ஞாயிறு

பகல் முழுவதும் நித்தி கனகரத்தினத்தின் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘சின்ன மாமியே’ பாட்டில் ஓர் இளைஞன் தன் மாமியிடம் மகள் எங்கே என்று விசாரிக்கிறான், கதை அவ்வளவுதான். ஆனால் அந்த விசாரிப்பில் இருக்கும் குறும்பும், மாமி என்ற உறவுக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள உரிமையும் அச்சமும் சேர்ந்து, கேட்பவர் தம் ஒழுங்கையிலேயே நிற்பது போன்ற உணர்வைத் தந்துவிடுகின்றன. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்ற புத்திமதிப் பாட்டு கள்ளுக்கடைக்குப் போகிறவர்களாலேயே விருப்பத்துடன் பாடப்பட்டதை நானே கண்டிருக்கிறேன். திருகோணமலையின் எம். பி. பரமேஷ் வேறொரு வகை. துள்ளலைக் குறைத்துக் காதலை மெதுவாகச் சொன்ன ‘உனக்குத் தெரியுமா’ என்ற அவருடைய பாட்டை எங்கள் அண்ணர் எழுதுகொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

இப்பாட்டுகளின் தாளம் பெரும்பாலும் பைலாவிலிருந்து வந்தது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் வழியாகவும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழியாகவும் இங்கு வேரூன்றிய ஆடல் பாடல் மரபு அது. ஐரோப்பிய வம்சாவளியினரான மட்டக்களப்புப் பறங்கியரின் கொண்டாட்டங்களில் அதன் பழைய சாயல் இன்னும் உண்டு. 1940களில் வொலி பஸ்டியன் அதைச் சிங்களத்தில் பரவலாக்கினார். எங்கள் பாடகர்கள் அந்தத் தாளத்தின் மீது கிற்றாரையும் பொங்கோவையும் வைத்து யாழ்ப்பாணத் தமிழைப் பாடினார்கள். இதை மேற்கத்திய இசையின் நகல் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. போர்த்துக்கேயர், ஆபிரிக்கர், சிங்களவர், தமிழர் என்று நான்கு சாராரும் தொட்டு வளர்த்த ஒன்றை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

2024 பெப்ரவரி 4, ஞாயிறு

எங்கள் வீட்டு வானொலி வால்வுப் பெட்டி. குமிழைத் திருகினால் உடனே பேசாது. வால்வு சூடாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். மேலே, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செம்புக் கம்பியால் நாடா போலப் பின்னிய ஏரியல் கட்டப்பட்டிருந்தது.

காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. பிறகு ‘பிறந்தநாள் வாழ்த்து’. அதில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னதும் அப்பா, அம்மா, அம்மம்மா, பெரியப்பா, சித்தி என்று உறவுகளின் பட்டியல் ஊர்ப்பெயர்களுடன் நீளும். எங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று அகப்பட்டுவிட்டால் அன்று பள்ளிக்கூடத்தில் வேறு பேச்சே இருக்காது. அறிவிப்பாளர்களான இராஜேஸ்வரி சண்முகத்தின் தெளிந்த உச்சரிப்பு, கே. எஸ். ராஜாவின் மூச்சுவிடாத வேகம், பி. எச். அப்துல் ஹமீதின் நிதானம் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியத் தெரியாத பிள்ளை எங்கள் வகுப்பில் இருந்ததில்லை. ராஜா 1994இல் கொழும்பில் கொலைசெய்யப்பட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் ஊரில் பல வீடுகளில் சொந்தத்தில் ஒருவர் போய்விட்டது போலவே பேசிக்கொண்டார்கள்.

ஒலிபரப்பில் திரைப்பாட்டுகளே கூடுதல் என்பது உண்மை. ஆனால் எங்கள் நாட்டுப் பாடகர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. எஸ். கே. பரராஜசிங்கம் அறிவிப்பாளராகவும் பாடகராகவும் இருந்து மெல்லிசைக்காக உழைத்தார். மெல்லிசை கர்நாடக இசையின் பக்கத்தில் நின்றது. பொப்பிசை தெருவின் பக்கத்தில் நின்றது. இரண்டும் ஒரே அலைவரிசையில் வந்ததால், ஒன்றை உயர்வு என்றும் மற்றதைத் தாழ்வு என்றும் நாங்கள் பிரித்துப் பார்க்கப் பழகவில்லை.

2024 பெப்ரவரி 13, செவ்வாய்

இன்று உலக வானொலி நாள். என் மனம் கொழும்பு ஒலிபரப்பு நிலையத்துக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற சைக்கிளுக்கே போயிற்று.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற் போனது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடங்கியதால், வானொலிப் பெட்டி இருந்தும் அது ஊமையாயிற்று. அப்போதுதான் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தை வானொலிக்குக் கொடுக்கும் வழக்கம் ஊரெங்கும் பரவியது. டைனமோவின் தலை ரயரில் இறுக உரச வேண்டும். அது தருவது ஆடலோட்ட மின். அதை நேரோட்டமாக்கப் பழுதான பெட்டிகளிலிருந்து கழற்றிய டயோட்டுகளைப் பற்றவைத்துக் கொடுக்கத் தெரிந்தவருக்கு அன்று பெரும் மதிப்பு இருந்தது. சுற்றும் கை தளர்ந்தால் லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசையின் குரல் மெலிந்து மறைந்துவிடும்.

“தம்பி, விடாமல் சுத்தடா, செய்தி துடங்கப் போகுது” என்று பெரியையா என் மருமகனை விரட்டுவார். செய்தி முடிந்து பெரியவர்கள் எழுந்து போன பிறகு, சுற்றியவனுக்குக் கூலியாக அவன் விரும்பிய கசற்றைப் போட்டுக் கேட்கலாம் என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். போர் தொடங்குமுன் நகரத்து ‘றெக்கோடிங் பார்’ ஒன்றில் பதிந்து வாங்கிய பொப் பாட்டுகள் அதில் இருந்தன. கை வேகமாகச் சுற்றினால் மனோகரன் சரியான சுருதியில் பாடுவார். கை ஓய்ந்தால் அதே துள்ளல் பாட்டு செத்தவீட்டு ஒப்பாரி போல இழுபடும். மருமகன் சிரித்துவிட்டு மறுபடியும் வேகமாகச் சுற்றுவான். அந்த ஆண்டுகளில் அவன் சிரித்த சந்தர்ப்பங்கள் குறைவு என்பதால் எனக்கு இது மறக்கவில்லை.

2024 பெப்ரவரி 21, புதன்

நேற்று மும்பையில் அமீன் சயானி காலமானார் என்ற செய்தி வந்திருக்கிறது. 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கரின் கொள்கையால் ஆகாசவாணியில் திரைப்பாட்டுகள் அருகிப்போன வேளையில், ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சியைச் சிற்றலையில் இந்தியாவெங்கும் பரப்பியது இலங்கை வானொலிதான். அந்நிகழ்ச்சியின் குரல் இவர். அதே வாய்ப்புத்தான் தமிழ்ச் சேவைக்கும் பாக்குநீரிணைக்கு அப்பால் நேயர்களைத் தேடித் தந்தது. 1957இல் ஆகாசவாணியின் திரைப்பாட்டுச் சேவையான விவித்பாரதி வந்த பிறகும் அவர்களிற் பலர் இலங்கையை விட்டுப் போகவில்லை. திரைப்பாட்டுக்காக அலைவரிசையைத் திருப்பியவர்களின் காதில் ‘சின்ன மாமியே’யும் சேர்ந்து விழுந்தது, ஈழத்துப் பொப்பிசை கடல் கடந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

2024 பெப்ரவரி 25, ஞாயிறு

எஞ்சியிருக்கும் கசற்றுகளை இன்று எடுத்துத் துடைத்தேன். உறைகளில் பாடகர் பெயர் மட்டுமே இருக்கிறது. பாட்டை எழுதியவர், கிற்றார் வாசித்தவர், பொங்கோ வாசித்தவர் ஆகியோரைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. அக்காலத்துக் கோஷ்டிகளில் வாசித்த முதியவர்கள் சிலர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வரும் வாரத்திலிருந்து ஒவ்வொருவராகச் சந்தித்து, பாட்டைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்லும் பெயர்களை உறையின் மேல் எழுதப் போகிறேன். முதலில் ‘சுராங்கனி’யும் ‘சின்ன மாமியே’யும் இருக்கும் கசற்றைத்தான் கொண்டு போகிறேன்.