கிரேக்கத்துக் கற்களோடு ஐந்து நாள்கள்

2 மார்ச் 2025, ஞாயிறு, ஏதென்ஸ்

நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறன்றும் கிரேக்க அரசின் தொல்லியல் தலங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நடிகையாக இருந்து பண்பாட்டு அமைச்சரான மெலினா மெர்கூரி மறைந்த மார்ச் 6 அன்றும் கிடையாது. இந்த இரண்டு நாள்களையும் இரு முனைகளாக வைத்துத்தான் தோழியும் நானும் பயணத்தைத் திட்டமிட்டோம். தங்குவது எட்டுக் கட்டில்கள் போட்ட விடுதி அறையில். காலை உணவு தெருமுனையில் வாங்கிய, எள் ஒட்டிய வளைய ரொட்டி.

எட்டு மணிக்கு முன்பே, ஏதென்ஸின் பழைய குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸின் வரிசையில் நின்றோம். கட்டுமானப் பொறியியல் படித்த தோழி, அதன் உச்சியில் நிற்கும் பார்த்தினான் கோயிலின் முழுத் தோற்றத்தில் மயங்கி நிற்கவில்லை. தடுப்புக் கயிற்றின் இப்பக்கம் நின்று, கல்லோடு கல் சேரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய இந்தக் கோயிலில் சாந்து இல்லை. பென்டெலி மலையின் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்து, அவற்றின் மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றினார்கள். ஈயம் துருவைத் தடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்களோ அந்தக் காப்பில்லாமல் இரும்பைச் செருகினார்கள். அது துருவேறிப் பருத்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கிய பளிங்கைப் பிளந்தது. 1687இல் வெனிஸ் படையின் குண்டு பட்டு, உஸ்மானியர் உள்ளே சேமித்திருந்த வெடிமருந்து வெடித்ததுதான் பேரழிவு என்றாலும், காப்பாற்ற நினைத்தவர்களின் கையால் நேர்ந்த இந்தச் சேதமே என்னை அதிகம் வருத்தியது. இப்போது டைட்டானியம் பொருத்துகிறார்கள். அதே மலையிலிருந்து வெட்டிய புதுக்கல், பழைய கல்லின் தேன் நிறத்துக்கு நடுவே வெள்ளையாகத் தனித்துத் தெரிகிறது. அப்படித் தெரிவதே நேர்மை என்று எனக்குப் படுகிறது.

3 மார்ச், திங்கள், ஏதென்ஸ்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு இன்று தொடங்குகிறது; தூய திங்கள் என்கிறார்கள். இந்த ஒரு நாளுக்கென்றே சுடும் லகானா என்ற தட்டை ரொட்டியையும் கொஞ்சம் ஆலிவ் காய்களையும் வாங்கிக்கொண்டு, ஊர் மக்களோடு ஃபிலோப்பாப்போஸ் குன்றில் ஏறினோம். குழந்தைகள் விட்ட பட்டங்களுக்கு அப்பால் பார்த்தினான் நின்றது. மாலை வரை அங்கேயே இருந்தோம்.

5 மார்ச், புதன், நாஃப்பிலியோ

நேற்றுப் பேருந்தில் இந்த ஊருக்கு வந்தோம். இன்று எபிடாரஸ் போனோம். கி.மு. நான்காம் நூற்றாண்டு அரங்கம் அது. கீழே 34 வரிசைகள், மேலே 21. நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்க்லேபியஸின் கோயிலைத் தேடி வந்தவர்களுக்காக எழுந்தது.

அரங்கின் நடுவில் கிசுகிசுத்தால் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தோழி நடுவில் நிற்க, நான் உச்சிக்கு ஏறினேன். அவள் இயல்பாகப் பேசியது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது, காகிதம் கிழித்த ஒலி மெலிதாக வந்தது, கிசுகிசுத்தது கேட்கவில்லை. படிப்படியான கல்லிருக்கைகள் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை அடக்கிவிடுவதால் பேச்சின் உயர்ந்த ஒலிகள் தெளிவாக எழுகின்றன என்று 2007இல் வந்த ஓர் ஆய்வு விளக்குகிறது. ஒலிபெருக்கி இல்லாமல் மனிதக் குரலை அத்தனை உயரத்துக்குக் கொண்டுவரும் கல்லுக்குக் கட்டுக்கதை எதற்கு?

"நீ பேசியது அப்படியே வந்தது" என்று நான் மேலிருந்து சொன்னபோது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

6 மார்ச், வியாழன், மைசீனி

ஏதென்ஸ் திரும்பும் பேருந்தில் ஏறி, வழியில் ஃபிக்தியில் இறங்கினோம். அங்கிருந்து, வெண்கலக் காலத்துக் கோட்டை நகரான மைசீனிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர். வாடகைக் காருக்குப் பணம் ஒதுக்காததால், முதுகுப்பையைச் சுமந்தே ஆரஞ்சுத் தோப்புகளின் ஓரமாக நடந்தோம்.

கி.மு. 1250ஐ ஒட்டிக் கட்டிய சிங்க வாயிலில், உத்தரக்கல்லின் மேல் முக்கோணமாக ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். மேலே உள்ள சுவரின் எடை அந்த முக்கோணத்தின் இரு சரிவுகள் வழியே பக்கங்களுக்கு இறங்கிவிடுவதால் உத்தரம் முறிவதில்லை. அந்த இடைவெளியை மூடிய பலகைக்கல்லில்தான் சிங்கங்கள். அவற்றின் தலைகள் தனியே செய்து பொருத்தப்பட்டவை, இன்று இல்லை.

சற்றுத் தள்ளி, புராண மன்னன் ஆத்ரேயஸின் பெயரால் ஆத்ரேயஸின் கருவூலம் என்று அழைக்கப்படும் கல்லறை இருக்கிறது. ஒவ்வொரு வரிக் கல்லும் கீழ்வரியைவிடச் சிறிது உள்நோக்கி நீண்டு, 13 மீட்டருக்கு மேல் உயர்ந்து, உச்சியில் ஒன்றாகக் கூடுகிறது. வாயிலின் உள் உத்தரக்கல் மட்டும் 120 டன் என்று மதிப்பிடுகிறார்கள். முதுகுப்பையின் வார் தோளில் பதித்த தழும்போடு அதன் கீழே நிற்கையில், இதைக் கயிறும் மண்மேடும் மனிதத் தோள்களும் கொண்டு இழுத்தவர்களின் நினைவுதான் வந்தது. மன்னர்களுக்குக் கதைகள் இருக்கின்றன. இவர்களில் ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை.

தோழி தரையில் உட்கார்ந்து, வரிகளைக் கீழிருந்து எண்ணி நோட்டில் வரைந்தாள். இருபதைத் தாண்டியதும் இருட்டில் எண்ணிக்கை தவற, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். காவலர் மூடும் நேரம் என்று அழைக்கும்வரை நான் அவளுக்குக் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.