எங்கள் கடலைக் காவல் காத்த கனடாக்காரர்கள்

திருகோணமலையில் என் தலைமுறைக்கு முந்தியவர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால், பலர் இலக்கத்தில் பதில் சொல்வதில்லை. "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" (1942) என்பார்கள், அல்லது "அதுக்கு அடுத்த வருசம்" என்பார்கள். நேவி யார்டில் வேலை செய்த என் அப்பப்பாவுக்கு அந்த நாளைப் பற்றி ஒரே கதைதான். விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் இருந்த சீனன்குடாப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்க, பிள்ளைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நிலாவெளிக்கு ஓடிய கதை. யார் வந்தார்கள், யார் எதிர்த்தார்கள், யார் செத்தார்கள் என்பது அதில் இல்லை. சனங்கள் ஓடினார்கள், எண்ணெய்த் தாங்கி ஒரு கிழமை எரிந்தது, அவ்வளவுதான்.

நம் கல்லூரிப் பாடப்புத்தகத்திலும் இதற்கு இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. ஆனால் எங்களுக்கு வரலாறு படிப்பித்த சேர் அந்த இரண்டு வரியோடு விடுகிற ஆள் இல்லை. சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே சீனன்குடாத் திசையைக் காட்டி, ஒரு பாடவேளை முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுவார். "வாறான் எண்டு முதல்ல கண்டவன் ஒரு கனடாக்காரன், தெரியுமோ?" என்பார். அந்த வயதில் கனடா எங்களுக்கு வரைபடத்தில் ஒரு பெரிய இளஞ்சிவப்பு நிறம், வேறொன்றும் இல்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் இன்று கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இருப்பதை சேர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

அந்தக் கனடாக்காரர் லியனார்ட் பேர்ச்சல். ஒன்ராறியோவின் செயின்ட் கேத்தரின்ஸில் 1915இல் பிறந்தவர். ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிப் போகிறோமே, அந்தப் பாதையில் எத்தனையோ முறை கடந்துபோன அதே ஊர்தான். அவர் தலைமை தாங்கிய கனேடிய அரச விமானப்படையின் 413ஆம் படையணி 1941இல் ஸ்கொட்லாந்தில் தொடங்கப்பட்டது. சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பானின் அடுத்த குறி இலங்கைதான் என்ற அச்சத்தில் படையணியை அவசரமாக இங்கே அனுப்பினார்கள். காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கல களப்புதான் அவர்களின் தளம். அவர்கள் ஓட்டிய கட்டலினா என்ற விமானத்துக்கு ஓடுபாதை வேண்டாம், தண்ணீரில் இறங்கி தண்ணீரிலிருந்தே ஏறும். மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒரு பகலும் இரவும் சேர்த்தாற்போல் வானத்தில் நிற்கக்கூடியது. கடலைத் தேடிப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல விமானம் அன்று இல்லை. சண்டை விமானத்திடம் மாட்டினால் மட்டும் கதை முடிந்தது.

பேர்ச்சல் கொக்கலவில் வந்திறங்கியது 1942 ஏப்ரல் 2. நாலாம் திகதி விடியுமுன்னே, தன்னையும் சேர்த்து 9 பேராகக் கடலுக்கு மேலே போய்விட்டார். பகல் முழுக்கச் சுற்றியும் ஒன்றையும் காணவில்லை. திரும்பப்போகிற நேரத்தில் தெற்கே அடிவான விளிம்பில் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே படைதான் இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 350 மைலில் வந்துகொண்டிருந்தது. கப்பல்களின் எண்ணிக்கை, திசை, வேகம் எல்லாவற்றையும் கம்பியில்லாத் தந்தியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. கட்டலினா கடலில் விழுந்தது. 9 பேரில் 3 பேர் இறந்தார்கள், மீதி 6 பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று பிடித்தது. செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து, செய்தியைத் திருப்பி அனுப்பும்படி கொழும்பு கேட்பதை ஜப்பானியரே வானொலியில் கேட்டுவிட்டார்கள். பிறகு விழுந்த அடியைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் செய்தி கிடைத்ததால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்களை வெளியேற்ற முடிந்தது. அதற்காகத்தான் 'இலங்கையைக் காத்தவர்' என்ற பட்டம் பேர்ச்சலுக்கு வந்தது. பட்டம் பெரியதுதான், ஆனால் முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் நாளே எச்சரிக்கை வந்தும், ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையில் இருந்த ஹரிக்கேன் சண்டை விமானங்கள் மேலே எழும்பும் முன்னரே தலைக்கு மேல் ஜப்பானிய விமானங்கள் வந்துவிட்டன. கண்டு சொன்னவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். அதைக் கேட்டவர்கள் எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

எனக்கு எப்போதும் பேர்ச்சலைவிட ரே தோமஸ்தான் அதிகம் உறுத்துவார். அவரும் அதே 413ஆம் படையணிதான். ஏப்ரல் 9 காலையில் திருகோணமலைக்குக் கிழக்கே அதே கப்பற்படையைக் கண்டுபிடித்தது அவருடைய கட்டலினா. செய்தி முடியவில்லை, விமானமும் திரும்பவில்லை. அவருடைய குழுவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பேர்ச்சல் உயிரோடு வந்து கதை சொன்னார், அதனால் உலகத்துக்கு அவரைத் தெரியும். நம் ஊருக்கு நேரே இருக்கும் கடலில் செத்தவர்களுக்காக வந்து சொல்ல ஆளில்லை. நம்முடைய சேருக்குக்கூடத் தோமஸின் பெயர் தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஒருநாளும் சொன்னதில்லை.

திருகோணமலையில் குண்டு விழுந்த அந்த நாளில் சீனன்குடாவில் ரேடார் வேலை செய்தது. பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படையணியின் ஹரிக்கேன்கள் நேரத்தோடு மேலே ஏறிச் சண்டையிட்டன, அதில் 8 விமானங்கள் போயின. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து 11ஆம் படையணியின் 9 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் பாதுகாப்புக்கு ஒரு சண்டை விமானமும் இல்லாமல் நகுமோவின் கப்பல்களைத் தேடிப் போய்க் குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை, 5 விமானங்கள் திரும்பவில்லை. (இப்போது அந்தத் திடலில் கடைத்தொகுதியும் றகர் மைதானமும். அங்கே கோப்பி குடிக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.) அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு தாழ்ந்தது.

நிலாவெளிக்குச் சைக்கிளில் போகும்போது உப்புவெளியில் வரும் யுத்த மயானம் நம்மில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக் கல் வரிசைகள், வெட்டிவிட்ட புல், நுழைந்தால் ஒரு குளிர்மை. முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகளில் விமானப்படைக்காரர்களும் இருக்கிறார்கள். வயதைப் பார்த்தால் அன்றைய எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. எங்களில் ஒருவன் அந்த வயதுகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டே நடப்பான், மற்றவர்கள் கடலுக்குப் போக அவசரப்படுவோம். ஆனால் கடலில் போன விமானிகளுக்கு அங்கே கல் கிடையாது. இந்தப் பக்கத்துக் கடல்களில் உடல் கிடைக்காமல் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுத்தூண்களில் இருக்கின்றன. அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். நம் கடலில் செத்தவரைத் தேட சிங்கப்பூருக்குப் போக வேண்டியிருக்கிறது.

பேர்ச்சலின் மிச்சக் கதை ஜப்பானியச் சிறை முகாம்களில் நடந்தது. நோயாளிகளை வேலைக்கு இழுத்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் நடத்தினார், தனக்கு அடி விழும் என்று தெரிந்தே காவலர்களோடு மோதினார், முகாமில் நடந்ததையெல்லாம் இரகசியமாக எழுதி வைத்தார். கடலில் கண்டு சொன்னதைவிட இந்த 3 ஆண்டுகள்தான் அவருடைய பெரிய காரியம் என்பது என் எண்ணம். 2004இல் கிங்ஸ்டனில் 89 வயதில் இறந்தார். ரொறன்ரோவிலிருந்து காரில் மூன்று மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய ஊர். அவர் இருக்கும்போதே நாம் ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம், அப்போது நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஆண்டுவிழா நடத்தவே நேரம் சரியாக இருந்தது.

413ஆம் படையணி இன்றும் இருக்கிறது. நோவா ஸ்கோஷியாவின் கிரீன்வுட்டில் இருந்துகொண்டு, அத்திலாந்திக் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கிறார்கள். அவர்களுடைய சின்னத்தில் ஒரு யானைத் தலை. இலங்கையில் இருந்த நாட்களின் ஞாபகமாக வைத்தது, செல்லப்பெயரும் கொம்பன் யானைதான்.

சங்கச் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். போரில் இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 11க்குப் பொப்பிப்பூ குத்திக்கொண்டு நிற்கிறோம், பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் கவிதை ஒப்பிக்கிறார்கள். இந்த வருடம் நம் கூட்டத்தில் தோமஸ் குழுவினரின் பெயர்களையும் வாசிப்போம். அவர்களில் கனேடியப் படையினரின் பெயர்கள் ஒட்டாவா நாடாளுமன்ற வளாகத்தில் வைத்திருக்கும் நினைவு நூலில் இருக்கின்றன. ஒரு பெயர் உள்ள பக்கம் எந்த நாளில் திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே அறியலாம். துலிப் பூப் பார்க்க மே மாதம் ஒட்டாவா போகிற குடும்பங்கள் அதையும் ஒருக்கால் விசாரித்துப் போகட்டும். பெயர்களைத் தொகுத்துக் கொடுக்கும் வேலையை நானே செய்கிறேன், கூட்டத்துக்கு முந்திய கிழமை செயலாளர் கையில் கிடைக்கும்.