மிளகுக்கு ஊசி போடலாமா?

மார்ச் 3

எங்கள் ஃபெரெட் (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி) மிளகுக்கு இந்த மாதம் டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்க்கான தடுப்பூசி. போன வருடம் போட்டுவிட்டு வண்டியில் ஏறுவதற்குள் வாந்தி எடுத்தது. வால் மயிர் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிலிர்த்து நின்றது, ஈறு வெளுத்துவிட்டது. திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினோம், மாற்று மருந்து ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். "வெளியே போகாத பிராணிக்கு எதுக்கு ஊசி?" என்கிறார் இவர். அவர் பயம் எனக்குப் புரிகிறது.

மார்ச் 5

ஆனால் நாங்கள் வெளியே போகிறோமே. இது அமெரிக்காவின் ஒஹாயோ, ராத்திரியானால் குப்பைத் தொட்டியை உருட்ட ரக்கூன்கள் வந்துவிடும். அவற்றுக்கும் டிஸ்டெம்பர் வரும். அந்த வைரஸ் செருப்பிலும் துணியிலும் ஒட்டி உள்ளே வரலாம். தொற்றிய ஏழு முதல் பத்து நாளில் சாப்பாடு இறங்காது, கண்ணில் பீளை கட்டும், தாடையில் சொறி வரும், பாதம் தடித்து இறுகும். நாய்களில் சில தப்பிக்கும். ஃபெரெட் அநேகமாகத் தப்பாது. ஊசி ஒவ்வாமையை உடனே கவனித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், டிஸ்டெம்பர் வந்தால் கொடுக்க மருந்தே கிடையாது. இதைத்தான் இவரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மார்ச் 8

கருங்கால் ஃபெரெட் கதையைப் படித்தேன். இது அமெரிக்கப் புல்வெளியில் வாழும் காட்டு இனம். 1970களின் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவில் பிடித்தவற்றுக்கு, வலுக்குறைத்த உயிருள்ள டிஸ்டெம்பர் மருந்தைப் போட்டார்கள். வீட்டு ஃபெரெட்டுகளை ஒன்றும் செய்யாத மருந்துதான். ஆனால் அதனாலேயே நோய் வந்து நான்கு செத்துப்போயின. 1985ல் வயோமிங்கின் மீட்டீட்ஸியில் எஞ்சியிருந்த கூட்டத்துக்குள் அதே நோய் புகுந்தது. அவற்றுக்கு ஊசியே போட்டிருக்கவில்லை. 1987க்குள் மிஞ்சிய 18ஐயும் பிடித்து அடைத்துத்தான் இனத்தைக் காப்பாற்ற முடிந்தது. இன்று அவற்றுக்கு, டிஸ்டெம்பர் வைரஸின் ஒரு பகுதியை மட்டும் கேனரி அம்மை என்ற பறவை வைரஸில் ஏற்றிய தடுப்பூசி போடுகிறார்கள். முழு வைரஸ் இல்லாததால் அந்த ஊசியே டிஸ்டெம்பரை உண்டாக்கிவிடாது. ஆக, எந்த ஊசி என்பதுதான் முதல் கேள்வி.

மார்ச் 11

டாக்டரிடம் அதையே கேட்டேன். ஃபெரெட்டுக்கென்றே வந்த அந்த வகை ஊசி அவரிடம் இல்லை. நாய்க்குட்டிக்கான ஊசி ஒன்றைத்தான் பல டாக்டர்களும் ஃபெரெட்டுக்குப் போடுகிறார்களாம். முதலில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பார்ப்போம், போதுமானது இருந்தால் இந்த வருடம் விட்டுவிடலாம் என்றார். இவர் உடனே சரி என்றார்.

ரேபிஸில் அந்தச் சலுகை கிடையாது. ரத்தப் பரிசோதனை சட்டப்படி ஊசிக்கு ஈடாகாது. மிளகு யாரையாவது கடித்துவைத்தால் முதலில் ஊசிச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

மார்ச் 19

அளவு குறைவாக வந்திருக்கிறது. போட்டுவிடலாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம்.

மார்ச் 24

ஒவ்வாமைக்கான மருந்தை முன்னாலேயே கொடுத்துவிட்டுப் போட்டார்கள். கிளினிக்கை விட்டு நகரவே இல்லை. நொடிக்கொரு தரம் உதட்டைத் தூக்கி ஈறு நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இளஞ்சிவப்பாகவே இருந்தது. அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டது, தூங்கியது. ரேபிஸ் ஊசியைச் சேர்த்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது ஏப்ரல் கடைசியில், இதே ஏற்பாட்டோடு.