பதக்கத்தின் விளிம்பில் இருந்த பெயரைத் தேடிப் போன ஒன்றரை ஆண்டு

வேலூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் எங்கள் வீட்டை இன்றும் 'பட்டாளத்தார் வீடு' என்றுதான் சொல்வார்கள். பட்டாளத்துக்குப் போனவர் என் தாத்தாவின் அப்பா. அவரைப் பற்றி எங்களிடம் மிஞ்சியிருந்தவை மூன்றுதான்: ரங்கூனுக்குப் போய் வந்தவர் என்ற ஒரு வாக்கு, ஊர் திரும்பிய பிறகும் ஐப்பசி கார்த்திகையில் குளிர்காய்ச்சல் கண்டு கம்பளிக்குள் நடுங்கிக் கிடப்பார் என்று அத்தை தன் பாட்டியிடம் கேட்டுச் சொன்ன சேதி, அத்தை வீட்டு மரப்பெட்டியில் இருந்த ஒரு வெள்ளிப் பதக்கம். இந்த மூன்றிலிருந்து புறப்பட்டு அவர் எந்தப் படையில், எந்த மலையில், எதற்காக நின்றார் என்று கண்டறிய எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இதே போன்ற பதக்கம் இருக்கும் வேறு குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு அந்தப் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பக்தியோடு செய்த அந்தக் காரியம் விளிம்பில் பொறித்திருந்த எழுத்துகளைப் பாதி அழித்துவிட்டது. பழைய பிரிட்டிஷ் படைப் பதக்கங்களில் பெயர் முகப்பில் இருக்காது. நாணயத்தின் ஓரம் போல இருக்கும் விளிம்பில்தான் படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே பதக்கம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைத் தேய்க்க வேண்டாம். நான் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, விளிம்பைச் சிறிது சிறிதாகத் திருப்பி இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசியும் ஒரு படி எடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது நான்கு இலக்க எண்ணும், 'சாப்பர்' என்ற பதவியும், பெயரின் பெரும்பகுதியும், 'க்யூ.ஓ. எஸ். அண்ட் எம்.' என்ற சுருக்கமும் தெரிந்தன.

அந்தச் சுருக்கத்தின் விரிவு 'குயின்ஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. சென்னை மாகாணப் படையில் பாதை போடுவதும், பாலம் கட்டுவதும், அரண்களை வெடிவைத்துத் தகர்ப்பதும் இந்தப் பிரிவின் வேலை. 1780-இல் தொடங்கிய இந்தப் படை இன்று 'மதராஸ் எஞ்சினியர் குரூப்' என்ற பெயரில் பெங்களூரில் இருக்கிறது. அதன் வீரர்களைத் 'தம்பி' என்று அழைக்கும் பழக்கம் இன்னும் மாறவில்லை. பறையர் சமூகத்தினர் பெருமளவில் சேர முடிந்த படைகளில் இது ஒன்று. எங்கள் குடும்பமும் அந்தச் சமூகம்தான். ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாத ஒருவனுக்குச் சீருடையும், பூட்ஸும், மாதச் சம்பளமும், பெயரைச் சொல்லி அழைக்கும் ஒரு வருகைப் பதிவும் கிடைத்த இடம் அது என்பதை மறந்துவிட்டு அவர் ஏன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தார் என்று கேட்பது நியாயமாகாது என்று நான் நினைக்கிறேன்.

பதக்கத்தின் முன்பக்கம் விக்டோரியா ராணியின் தலை. பின்பக்கம், அமர்ந்திருக்கும் வீரனுக்கு வெற்றித் தேவதை முடிசூட்டும் காட்சி. சிவப்பில் இரண்டு நீலக் கோடுகள் ஓடும் நாடா மக்கிப் போய் நூலாகியிருந்தது. இது 1854-இல் நிறுவப்பட்ட 'இந்தியா ஜெனரல் சர்வீஸ்' பதக்கம். எந்தப் போர் என்பதைச் சொல்வது மேலே கோத்திருக்கும் வெள்ளிப் பட்டைகள்தான்; அவற்றைக் கிளாஸ்ப் என்பார்கள். அவருடைய பதக்கத்தில் இரண்டு இருந்தன. கீழே 'பர்மா 1885–7', அதற்கு மேலே 'சின்-லுஷாய் 1889–90'. கீழே இருப்பது முந்தையது. வெள்ளி என்றால் படைவீரர் என்றும், வெண்கலம் என்றால் சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், டோலி தூக்குபவர் போன்ற பின்தொடரும் பணியாளர் என்றும் ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம்.

இதற்குப் பிறகுதான் நான் வழிதவறினேன். போர்க் கல்லறைகளுக்கான காமன்வெல்த் ஆணையத்தின் இணையப் பட்டியலில் பல வாரங்கள் தேடினேன். முதல் உலகப் போரைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை இறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. அதற்கு முந்தைய எல்லைப்புறப் போர்களில் இருந்தவர்களை அங்கே தேடிப் பயனில்லை. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) மாண்ட இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கானோருக்கு பஸ்ரா நினைவுச் சுவரில் பெயர்கூட இல்லாமல், படைப்பிரிவின் கீழே வெறும் எண்ணிக்கை மட்டும் பொறிக்கப்பட்டிருப்பதை அப்போதுதான் அறிந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதக்கம் பெற்றவர்களின் பட்டியல்கள் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வாசகர் அட்டை பெற்று, இரண்டு சனிக்கிழமைகளை எனக்காகச் செலவழித்தான். தேடுவதில் மிகப் பெரிய இடர் பெயரின் எழுத்துக்கூட்டல். முனுசாமி என்ற ஒரே பெயரை ஓர் எழுத்தர் 'உ' ஒலிக்கு இரட்டை 'ஓ' போட்டும், இன்னொருவர் 'சாமி'யின் நடுவே ஒரு 'டபிள்யூ' சேர்த்தும், மூன்றாமவர் இறுதியில் 'ஒய்' வைத்தும் எழுதியிருப்பார். அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ பதக்கத்தின் விளிம்பில் இராது. தாத்தாவுடைய அப்பாவின் பெயரையே உடைய வேறொருவர் ஒரு காலாட்படைப் பட்டியலில் அகப்பட்டபோது, அவர்தான் என்று நம்பி அத்தைக்குத் தொலைபேசியில் சொல்லியும்விட்டேன், எண் பொருந்தவில்லை. பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் சாப்பர்கள் பட்டியலில் அதே நான்கு இலக்க எண்ணோடு ஒரே ஒரு வரி கிடைத்தது: எண், பதவி, பெயர், உரிய பட்டைகள். அவ்வளவுதான்.

அந்த வரிக்கு அப்பால் அவருடைய தனிப்பட்ட பணிப் பதிவு கிடைக்குமா என்று நான் கேட்காத இடமில்லை. ஐரோப்பியச் சிப்பாய்களின் பிறந்த ஊரும் உயரமும் தொழிலும்கூட லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் தனிப்பட்ட பதிவுகளை அந்தந்தப் படைப்பிரிவே வைத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை லண்டனுக்குப் போகவே இல்லை. 1895-இல் மாகாணப் படைகள் கலைக்கப்பட்டு ஒரே இந்தியப் படையாயின. 1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர் காலத்தில் பிரிவுகளின் எண்களும் பெயர்களும் மாறின. பழைய தாள்களைத் தேடுபவர் இந்த இரண்டு ஆண்டுகளையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் சரியான படையைத் தவறான பெயரில் தேடிக்கொண்டிருப்பார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று நாட்கள் அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டினேன். அவர் பெயர் இல்லை.

ஆகவே ஆளைத் தேடுவதை நிறுத்தி, அவர் நடந்த வழியைத் தேடினேன். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் பதிவு செய்துகொண்டால், அன்றைய வெளியுறவுத் துறையின் நடவடிக்கைக் குறிப்புகள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். அங்கும் அச்சிட்ட படை வரலாறுகளிலும் படித்தவற்றிலிருந்து படம் தெளிந்தது. 1885 நவம்பரில் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பல் ஏறிப் போன படைக்குத் தலைமை தாங்கிய பிரெண்டர்காஸ்ட், மதராஸ் எஞ்சினியர் பிரிவிலிருந்து வந்தவர்தான். மின்லா கோட்டை விழுந்து, நவம்பர் 28-இல் தலைநகர் மண்டலை பிடிபட்டது. பர்மாவின் கடைசி மன்னர் திபோ முதலில் சென்னைக்கும் பிறகு ரத்னகிரிக்கும் கொண்டுசெல்லப்பட்டார். அரண்மனையைப் பிடிக்க இரண்டு வாரம், நாட்டை அடக்கப் பல ஆண்டுகள். காட்டில் இருந்து பர்மியர்கள் சுட்டதைவிடக் காய்ச்சலும் பேதியும் கொன்றவர்கள் அதிகம்.

இரண்டாவது பட்டைதான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. 1889–90-இல் பர்மாவிலிருந்தும் சிட்டகாங் பக்கமிருந்தும் சின் மலைகளுக்குள்ளும் (பர்மாவின் மேற்கு ஓரம்) லுஷாய் மலைகளுக்குள்ளும் (இன்றைய மிசோரம்) படைகள் அனுப்பப்பட்டன. இரண்டு பக்கத்தையும் ஒரு பாதையால் இணைப்பதும், சமவெளியில் வந்து கொள்ளையிட்ட மலைமக்களைத் தண்டிப்பதும் நோக்கம். பர்மாவிலிருந்து சின் மலை ஊரான ஹாக்காவை நோக்கிச் சைமன்ஸ் தலைமையில் சென்ற தெற்குப் படையில் சாப்பர்கள் இருந்தார்கள். அறுபது மைல் சொச்சம் தூரம்; பொதி விலங்குகள் போகும்படி பாறையை உடைத்து வழி வெட்டிக்கொண்டே போனதில் இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய குளிர்காய்ச்சல் எங்கிருந்து வந்திருக்கும் என்று அப்போது எனக்கு விளங்கிற்று.

அவர் வெட்டிய பாதை யாருக்கு உதவிற்று என்பதையும் நான் படிக்காமல் விடவில்லை. அதே மலைகளில் ஆயுதங்களைப் பறிக்கப் போனபோது 1892–93-இல் மறுபடியும் கிளர்ச்சி மூண்டது, கிராமங்கள் எரிக்கப்பட்டன. 1917-இல், பிரான்சுக்கு உடலுழைப்புத் தொழிலாளர் படையில் போக மறுத்து ஹாக்காப் பகுதிச் சின் மக்கள் எழுந்தார்கள். தன் ஊரில் நிலமில்லாத ஒருவர், பிறர் மண்ணில் அரசுக்கு வழி அமைத்துக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு இருக்கும் பாசத்தை இது குறைக்கவில்லை. ஆனால் பிள்ளைகளிடம் சொல்லும்போது அந்த மலைமக்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

சென்ற புரட்டாசியில் பட்டியல் வரியின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அத்தையிடம் கொண்டுபோனேன். அவருக்கு எண்பத்தாறு வயது, ஆங்கிலம் தெரியாது. எண்ணை இலக்கம் இலக்கமாகவும் பெயரை எழுத்தெழுத்தாகவும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அந்த ஆயுத பூஜையில் பதக்கம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. சந்தனத்தையும் குங்குமத்தையும் பெட்டியின் மூடி மேல் வைத்தார்.