கல்லமேட்டு எலும்புகள்

அரியலூர் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். டைனோசர் பற்றிப் பேச்சு வந்தால் அமெரிக்காவிலும் மங்கோலியாவிலும் ஆரம்பிக்க எனக்கு மனசு வராது. கல்லமேட்டில்தான் ஆரம்பிப்பேன். அந்த ஊர் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு.

கல்லமேட்டு மண் ஆறு கொண்டுவந்து போட்டது. அதற்கு முன் இங்கே கடல் இருந்தது, அதனால்தான் சுற்றுவட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் கிடைக்கின்றன. டைனோசர் காலம் முடியப்போகிற நேரத்தில் கடல் பின்வாங்கி, ஆற்றங்கரையில் பெரிய மிருகங்கள் நடமாடின. ஆங்கிலேயர் காலத்திலேயே இங்கே எலும்பு கிடைத்திருக்கிறது. மேட்லி என்ற புவியியலாளர் 1929இல் அவற்றைப் பற்றி எழுதினார்.

பெரிய செய்தி 1987இல் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் இங்கே கிடைத்த இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கால் எலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவற்றை விவரித்து, பிருகத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயர் வைத்தார்கள். முதலில் அதை ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள், நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியான டைட்டனோசர் கூட்டத்தில் சேர்த்தார்கள்.

அந்தக் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். வகுப்பறைக் கதவில் சாக்பீஸால் அந்த உயரத்துக்குக் கோடு போடுவேன். முழங்காலுக்குக் கீழே மட்டும் இவ்வளவு என்று சொன்னதும், கடைசி பெஞ்சில் இருப்பவன்கூட எழுந்து வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பான். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற அர்ஜென்டினோசாரஸுக்கு அதே பகுதி எலும்பு ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். கல்லமேட்டு மிருகம் 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்று 2023இல் ஒரு கணக்கு வந்தது. அது சரியென்றால், தரையில் நடந்த உயிர்களிலேயே இதுதான் பெரியது.

ஆனால் சரிபார்க்க எலும்பு இல்லை. தோண்டியெடுத்துப் பாதுகாப்புக்காகப் பிளாஸ்டர் உறை போட்ட நிலையிலேயே, துறையின் சேகரிப்புக்குப் போய்ச் சேருவதற்குள் நொறுங்கிவிட்டன. மிஞ்சியவை பழைய போட்டோக்களும் வரைபடங்களும்தான். நடுவில் சிலர் அது எலும்பே இல்லை, கல்லான மரத்துண்டு என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 2022இல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் அந்தப் போட்டோக்களை வெளியிட்ட பிறகுதான் நிறையப் பேர் எலும்புதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். 6.6 கோடி ஆண்டு மண்ணுக்குள் தாக்குப்பிடித்தது, நம் கைக்கு வந்த பிறகு போய்விட்டதே.

டைனோசர்கள் தோன்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை சின்ன உடம்புடன், பெரும்பாலும் இரண்டு காலில் ஓடிய பிராணிகள். அன்றைக்குப் பெரிய ஆட்கள் முதலைக் குடும்பத்தின் உறவினர்கள். 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் பொங்கி அவர்களில் பெரும்பாலோரை அழித்தன. காலியான இடத்தை டைனோசர்கள் பிடித்துக்கொண்டன.

முடிவைப் பார்க்க வேண்டும் என்றால் கல்லமேட்டு அடுக்குக்கு மேலே இருக்கும் நின்னியூர் அடுக்குக்கு வர வேண்டும். கடல் திரும்பவும் வந்து படியவைத்த சுண்ணாம்புக்கல் அது. எங்கள் பகுதிப் பழைய கடலடுக்குகளில் கொத்துக்கொத்தாக வரும் சுருள் ஓட்டுக் கடல்பிராணியான அம்மோனைட் அதில் இல்லை, டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துவிட்டது. ஆனால் அதன் உறவுக்காரனான நாட்டிலஸ் வகை இருக்கிறது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேல்மட்டத்து நுண்ணுயிர்களைத் தின்று வளர்ந்தவை. நாட்டிலஸ் முட்டை பெரியது, குஞ்சு ஓரளவு வளர்ந்தே வெளியே வரும். வெயில் மறைந்து மேல்மட்ட உணவு அற்றுப்போனபோது எது தப்பியது என்பதற்கு இதுவே முக்கியமான காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

வெயில் ஏன் மறைந்தது? மெக்சிகோவின் யுகடான் ஓரத்தில் 10 கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு விண்கல் விழுந்து, சுமார் 180 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் தோண்டியது. புழுதியும் புகையும் கந்தகமும் வானத்தை மூடின. 1980இல் ஆய்வாளர்களான ஆல்வாரெஸ் தந்தையும் மகனும், அசாரோ, மிச்செல் ஆகியோரும் இத்தாலியின் குப்பியோ ஊர் மண்ணடுக்கில், பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் அதிகமாகவும் இருக்கும் இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டி இந்தக் கதையைத் தொடங்கினார்கள். அதே காலத்தில் நம் தக்காணத்தில் எரிமலைக் குழம்பும் பொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் பங்கு உண்டா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நான் விண்கல் பக்கம். தக்காணம் பல லட்சம் ஆண்டுகளாகப் பொங்கியது, ஆனால் அழிவு திடீரென்று நடந்திருக்கிறது.

சரி, நின்னியூரும் கல்லமேடும் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்பதுதான் என் கவலை. இந்த வட்டாரமே சிமெண்டுக்குப் பேர்போனது. அம்மோனைட் இருக்கும் பாறையும் சேர்ந்துதான் டிப்பரில் ஏறுகிறது. குவாரி வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் ஊர் சோறு தின்பதே அதனால்தான். வெடி வைக்கும் முன் ஒரு ஆள் நடந்து பார்க்கட்டும் என்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை கரையை அரித்துப் புதிதாக எதையாவது வெளியே விடும். வெயில் ஏறினால் அது காய்ந்து உதிர்ந்துவிடும். அதனால் மார்கழி முடிவதற்குள் பிளாஸ்டர், கெட்டிப்படுத்தும் பசை, சாக்குத் துணியுடன் ஆய்வாளர்கள் கல்லமேட்டு ஓடைகளில் வருடம் தவறாமல் நடக்க வேண்டும். எடுத்ததை வெளியூருக்கு அனுப்பாமல் மாவட்டத்திலேயே வைத்துப் பதப்படுத்த ஒரு கூடம் வேண்டும். என் பிள்ளைகள் சனி ஞாயிறில் கூட நடக்கத் தயார்.