கத்தி இல்லாத போஸ்ட்மார்ட்டம்

தங்கச்சியின் பிள்ளை பிறந்து ஆறாம் நாளே போய்விட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஒரு டாக்டரம்மா வராண்டாவில் மாப்பிள்ளையிடம் ஃபாரத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். போஸ்ட்மார்ட்டம் என்று காதில் விழுந்ததுமே, "போலீஸ் கேஸா? பச்சப்புள்ளைய அறுக்க விடமாட்டேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி இல்லை என்று டாக்டரம்மா விளக்கினார். போலீஸ் கேஸ் என்றால் யார் சம்மதமும் கேட்க மாட்டார்களாம். இது என்ன நோய் என்று பார்ப்பதற்கு, பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும், வேண்டாம் என்றால் பிள்ளையை அப்படியே கொடுத்துவிடுவார்கள். கத்தியே கிடையாது, பயாப்ஸி ஊசியால் நுரையீரல், ஈரல், மூளையிலிருந்து துளித்துளி சதை, கொஞ்சம் ரத்தம், முதுகுத்தண்டு நீர், அவ்வளவுதான். டாக்டரம்மா தன் புறங்கையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, "தழும்பு இவ்ளோதான் இருக்கும்" என்றார். பிறவியிலேயே உறுப்புகளில் கோளாறு இருந்தால் ஊசியில் தெரியாமல் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. (லண்டனில் எம்ஆர்ஐ ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்; 2013-இல் வந்த ஆய்வில் 400 பேரில் 357 பேருக்கு, அறுத்துப் பார்த்ததில் வந்த முடிவேதான் வந்ததாம். இதெல்லாம் நான் பிறகு படித்தது, எங்களுக்கு அந்த ஸ்கேன் வசதியெல்லாம் இல்லை.)

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். சிசேரியன் ஆகி மேல் மாடியில் படுத்திருக்கிறாள் அவள், எல்லாரும் மாப்பிள்ளையிடமே பேனாவை நீட்டுகிறார்கள். "பெத்தவளைக் கேட்டீங்களா மேடம்?" என்றேன். சரி என்று மேலே வந்தார்கள். அவள் அழவில்லை. சாயந்திரத்துக்குள் கொடுத்துவிடுவார்களா, முகத்தில் குத்துவார்களா, இரண்டே கேள்விதான். மூளைக்கு மூக்கு வழியாகத்தான் ஊசி போகும் என்றதும், "தலைய மட்டும் தொடாதீங்க" என்றாள். டாக்டரம்மா மறுபேச்சு பேசாமல் மூளை என்ற வரியை அடித்து, பக்கத்திலேயே அவளிடம் கையெழுத்து வாங்கினார். இப்படிப் பாதிக்கு மட்டும் சம்மதம் கொடுக்கலாம் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

நாங்கள் கொடுத்த அதே பூத்துண்டில் சுற்றித்தான் திரும்பி வந்தான், நெஞ்சில் சின்னதாக ஒரு பிளாஸ்டர். இருட்டுவதற்குள் மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்துவிட்டோம்.

ரிப்போர்ட்டுக்குத்தான் அலைச்சல். எப்போது வரும், யாரைக் கேட்பது என்று அன்றைக்கே எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாங்காததால் நான்கு நடை, இரண்டு மாதம். ரத்தத்திலும் நுரையீரலிலும் கிளெப்சியெல்லா என்ற கிருமி. "அப்ப என் பால் சேராததால இல்லையாண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டாள். தலையையும் பார்த்திருந்தால் இன்னும் ஏதாவது தெரிந்திருக்குமோ என்று மாப்பிள்ளை என்னிடம் தனியாகக் கேட்டார். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.